"ஒண்ணை அழுத்துங்க சார்!"

பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப் போயிருந்தார்.

கழுத்தில் டெலிபோன் ஒயர்! மதியம் மூன்று மணி வாக்கில் நடந்த கொலை.

மாடியில் குடியிருந்த தம்பி மகளும் அவள் கணவனும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ரெண்டுலேருந்து நாலரை வரைக்கும் மாடியில டிஸ்க் போட்டு சினிமா பார்த்துட்டு இருந்தோம் சார்!"

இன்ஸ்பெக்டருக்குக் கணவன் மேல் சந்தேகம். காரணம்? அவனுடைய மீசை. இன்ஸ்பெக்டரின் துப்பறியும் திறமை பெரும்பாலும் அந்த அளவில்தான் இருந்தது!

இருவரையும் டிஸ்க் பிளேயரோடு மெக்கானிக் கடைக்குக் கூட்டி வந்தார்.

மெக்கானிக் நான்கு திருகுகளைக் கழற்றினான். உள்ளே பச்சைப் பலகை. மூன்று ஒயர்களைப் பற்றவைத்துக் கம்ப்யூட்டரில் சொருகினான்.

கறுப்புத் திரை. மினுக் மினுக்கென்று ஒரு வெள்ளைக் கோடு.

"படம் எங்கேய்யா?"

"படம் வராது சார். இது கம்பெனிக்காரங்க உள்ள ஒளிச்சு வெச்ச கமாண்ட் லைன். பிளேயர் எப்போ ஓடுச்சு, எப்போ நின்னுச்சு... எல்லாம் பதிவாகியிருக்கும். ஒண்ணை அழுத்தினா காட்டும். ரெண்டை அழுத்தினா அழிச்சிடும்."

"தள்ளு! சாட்சியத்தை நான்தான் திறக்கணும்!"

விரலை நீட்டினார். நல்ல கனமான விரல்.

அழுத்தினார்.

மெக்கானிக்கின் முகம் வெளிறியது. காதில் கிசுகிசுத்தான்.

"சார்... ரெண்டு!"

இருபது வருட சர்வீஸ் இன்ஸ்பெக்டரின் கண்முன் ஓடியது. நல்லதாக ஒன்றும் தட்டுப்படவில்லை.

நல்லவேளை... திரை தம்பதிக்குத் தெரியவில்லை!

காலித் திரையை முறைத்தபடி தொண்டையைச் செருமினார்.

"ம்ம்... படம் நடுவுல நின்னிருக்கே! யார் நிறுத்தினது?"

"நிக்கவே இல்ல சார்!" கணவன் பதறினான். "ஆரம்பத்தையும் பார்த்தேன், முடிவையும் பார்த்தேன்!"

"நடுவுல?"

"கொஞ்சம்... கண் அசந்துட்டேன்..."

"பொய்! நீட்டுடா கையை!"

"அவரை விடுங்க சார்."

மனைவி!

"அவர் தூங்கினதும் நான்தான் படத்தை நிறுத்திட்டுக் கீழ போனேன்."

"ஏம்மா?"

"அப்பா படியில வழுக்கி விழுந்து செத்தார்னு பத்து வருஷமா நம்பிட்டு இருந்தேன் சார். 'நான்தான் தள்ளி விட்டேன்'னு படம் பார்த்த அன்னிக்குக் காலையில பெரியப்பாவே சொன்னார்... சிரிச்சுக்கிட்டே!"

கணவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னை எழுப்பியிருக்கலாமேடி..."

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்த இடத்திலேயே வைத்தார். "வாம்மா" என்றார் மெதுவாக.

ஒரு மணி நேரத்தில் மேலதிகாரியின் போன்!

"பிரமாதம்யா! அந்தக் கமாண்ட் லைன் விஷயத்தை நம்ம ஆளுங்க எல்லாருக்கும் நீதான் க்ளாஸ் எடுக்கணும்!"

இன்ஸ்பெக்டர் விறைப்பாக நிமிர்ந்தார்.

"எடுத்துடலாம் சார்! எதைத் தொடக் கூடாதுன்னு டிபார்ட்மென்ட்லயே என்னை விட நல்லாத் தெரிஞ்சவன் கிடையாது!"