பதினேழாம் ரூமில் எத்தனை பேர்?

டமார்!

கண்ணாடி முன் நின்று, "குட் மார்னிங் சார், ஐ ஆம் பொன்மணி" என்று ஒன்பதாவது முறையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவளின் கையிலிருந்து சீப்பு நழுவி விழுந்தது.

பட்டாசு ஊரான தாயில்பட்டியில் இப்படியொரு சத்தம் கேட்டால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தெருவுக்கு ஓடிவந்து வானத்தைப் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம், என்ன நிறம் என்று தெரிந்த பிறகுதான் மூச்சு வரும்.

புகை இல்லை. மெயின் ரோட்டில் ஒரு லாரி டயர் வெடித்துச் சாய்ந்து நின்றது.

"நாசமாப் போற டயரு! ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு" என்று எதிர்வீட்டில் யாரோ திட்ட, தெரு மெல்லச் சிரித்துக் கலைந்தது.

பொன்மணியின் அம்மா வள்ளித்தாய் மட்டும் வாசலிலேயே நின்றாள். அவளுடைய இடது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. ஒன்பது வருடங்களுக்கு முந்தைய தீ விபத்து அது. எங்கே, எப்படி என்று கேட்டால், "சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள். இப்போது அவள் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். நான்கு வரை மடக்கிவிட்டு, ஐந்தாவதை மடக்காமல் அப்படியே வெறித்துப் பார்த்தாள்.

"அம்மா, டயருதாம்மா. உள்ள வா, நேரமாச்சு."

வள்ளித்தாய் திரும்பியதும் மகளின் பளபளக்கும் புதுச் சுடிதார் கண்ணில் பட்டது.

"ஏத்தா, இதப் போட்டுக்கிட்டா போற?"

"இண்டர்வியூம்மா. பார்க்க நல்லா இருக்க வேண்டாமா?"

"சினிமாவுக்கா போற? நைலான் துணி ஒரசுனாலே பொறி பறக்கும். போர்மேன் வேலைக்கு வந்தவ இப்படி வந்து நின்னா, நீ வாயத் தொறக்கும் முன்னாடியே வாசலைக் காட்டிருவாக."

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்து, போர்மேன் சர்டிபிகேட்டும் வாங்கியவளுக்கு அது தெரியாமல் இல்லை. இருந்தாலும் ஆசை. அம்மாவின் பழைய காட்டன் சேலைக்கு மாறினாள். கொலுசு கழன்றது. வளையல் கழன்றது. தோளில் குத்திய ஊக்கையும் வள்ளித்தாய் பிடுங்கிவிட்டு, முந்தானையை நூலால் தைத்துப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உனக்கு வேலை கெடைக்கிற அன்னைக்கே நான் வெடிமருந்து ரூமை விட்டு வெளிய வந்துர்றேன்" என்றாள். "இந்த ஒத்தக் கையோட இன்னும் எம்புட்டு நாளைக்கு மருந்தத் திணிக்கிறது? பயமா இருக்குத்தா."

பயம் என்று அம்மா சொல்லிப் பொன்மணி கேட்டதே இல்லை.

வள்ளித்தாய் டீ ஊற்றினாள். வழக்கம்போல மூன்று டம்ளர். வீட்டில் இருப்பது இரண்டே பேர். மூன்றாவது டம்ளர் எப்போதும் வாசற்படிக்குப் பக்கத்தில் போகும். தான் சிறுமியாக இருந்தபோதே காமாலையில் செத்துப்போன அப்பாவுக்கு என்று பொன்மணி நினைத்திருந்தாள்.

"கம்பெனி எங்கனன்னு சொன்ன?"

"சாத்தூர் ரோட்டுலம்மா. புதுசாம்."

"புதுசுதான?"

"புதுசுதாம்மா."

*

கேட்டில் மாட்டியிருந்த பெயர்ப் பலகை புதிது. ஆனால் அதற்குப் பின்னால் சுவரில், வெள்ளையடிப்பையும் மீறி வேறொரு பெயரின் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

வாட்ச்மேன் இருளாண்டி அவளுடைய போன், சாவி இரண்டையும் வாங்கி ஒரு டப்பாவில் போட்டார்.

"இண்டர்வியூவாத்தா? இந்த வருசம் நீ எத்தனாவது ஆளுன்னு எனக்கே மறந்துபோச்சு. போறப்ப எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தான் போறாக."

"வர்றப்ப?"

"வர்றப்ப போனைக்கூட வாங்காம ஓடுறாக. அந்தா, மூணு போன் கெடக்கு பாரு" என்று வெற்றிலைக் காவிப் பற்களைக் காட்டிச் சிரித்தார்.

அவர் சிரித்து முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒருவன் வந்தான். இவளுடன் சர்டிபிகேட் பரீட்சை எழுதிய அன்பரசன். மடிப்புக் கலையாத சட்டை. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"அன்பு! எப்படி இருந்துச்சு? கஷ்டமாக் கேட்கிறாகளா?"

அவன் அவளைப் பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்தான். காதருகே குனிந்து முணுமுணுத்தான்.

"எண்ணாத."

"என்ன?"

"உள்ள போனா, எண்ணாத பொன்மணி."

போய்விட்டான். போன் டப்பாவிலேயே கிடந்தது.

*

ஆபீசில் மேனேஜர் சீனிவாசகம் ஒருவர்தான் இருந்தார். நெற்றியில் விபூதி, மேஜைமேல் ஃபைல். அவள் உள்ளே வரும்போது கதவருகே சுவரில் பதித்திருந்த செப்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டு வந்ததை அவர் கவனித்தார். தோளில் இருந்த நூல் தையலையும் கவனித்தார்.

"உக்காரும்மா. ஊக்குக்குப் பதிலா நூலு. நல்ல பழக்கம். யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கம்மா சார். மருந்து ரூம்ல வேலை பார்க்காக."

கேள்விகள் வந்தன. எந்த மருந்தோடு எதைச் சேர்க்கக் கூடாது? மழை பெய்தால் என்ன செய்ய வேண்டும்? மிஞ்சிய மருந்தை ராத்திரி எங்கே வைக்க வேண்டும்? அவள் தடுமாறவில்லை. வீட்டில் ஒன்பது முறை சொல்லிப் பார்த்த ஆங்கிலம் தேவையே படவில்லை.

"ஒரு ரூமுக்கு ஏன் நாலு பேருக்கு மேல விடக் கூடாது?"

"நாலு பக்கமும் கதவு சார். ஆளுக்கு ஒரு கதவு. தீப்பிடிச்சா ஒருத்தர் மேல ஒருத்தர் விழாம, அவக அவக கதவு வழியா ஓடிரலாம்."

சீனிவாசகம் பேனாவை மூடினார். "இதுவரைக்கும் வந்தவுக எல்லாம் சட்டத்தைச் சொன்னாக. நீதான் கதவைச் சொல்லிருக்க." எழுந்தார். "வா. கடைசியா ஒரு பரீட்சை. ரூமைப் பார்த்துட்டு ஒரு துண்டுச் சீட்டுல கையெழுத்துப் போடணும். அம்புட்டுத்தான். போட்டா, நாளைக்கே நீ போர்மேன்."

அம்மாவின் ஒட்டிப்போன விரல்கள் நினைவுக்கு வந்தன. நாளைக்கே.

வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித்தள்ளிச் சின்னச் சின்ன ரூம்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒவ்வொன்றிலும் நான்கு பெண்கள். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. "புது போர்மேனா? கல்யாணம் ஆயிருச்சா?" என்று ஒருத்தி கேட்க, "ஏண்டி, உன் தம்பிக்குப் பார்க்கியா?" என்று இன்னொருத்தி வம்பிழுத்தாள்.

பதினாறாம் ரூம் தாண்டியதும் பேச்சு நின்றது.

வேப்பமரங்களில் காக்கை இல்லை. காற்றில் கந்தக நெடி. அதற்கு அடியில் வேறொரு நெடி. கருகிய தலைமுடி.

பதினேழாம் ரூமின் சுவர் மற்றவற்றைவிடப் புதிதாக இருந்தது. சீனிவாசகம் வாசலுக்குப் பத்தடி முன்பே நின்றுகொண்டார். ரூமுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு சீட்டை நீட்டினார்.

"எட்டிப் பார்த்துட்டு, எத்தனை பேருன்னு எழுதும்மா."

"நீங்க வரலையா சார்?"

"நான் எதுக்கு? போர்மேன்தான எண்ணணும்."

பொன்மணி வாசலில் போய் நின்றாள்.

நான்கு கதவுகள். கதவுக்கு ஒருத்தியாக நான்கு பெண்கள் குனிந்து மருந்து திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிரவில்லை. எல்லோரும் கதவை ஒட்டி, பாதி உடம்பு வெளியே கிடக்கிறாற்போல உட்கார்ந்திருந்தார்கள். ரூமின் நடுவே தரை வெறுமையாகக் கிடந்தது.

அன்பரசன் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் கற்ற பழக்கம் முந்திக்கொண்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்து.

நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

நரைத்துப்போன பச்சைச் சேலை. காதில் தோட்டுக்குப் பதிலாக ஒரு ஈர்க்குச்சித் துண்டு. முழங்கை வரை அலுமினியப் பவுடர் அப்பி, இரண்டு கைகளும் வெள்ளியாய் மின்னின. அந்தக் கைகள், இல்லாத வெடிக்குள் இல்லாத மருந்தைத் திணித்துக்கொண்டிருந்தன.

கைகள் நின்றன.

தலை திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது. காய்ந்த காகிதம் கசங்குகிற மாதிரி.

"எனக்கு எந்தக் கதவு?"

குனிந்திருந்த நால்வரில் ஒருத்தி, தலையை நிமிர்த்தாமல், உதடு அசையாமல் சொன்னாள்.

"பார்க்காதத்தா. எழுதிட்டுப் போயிரு."

எப்படி வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. சீனிவாசகம் இன்னும் திரும்பி நின்றபடியே இருந்தார். பிடரியில் வியர்வை வழிந்தது.

"எத்தனை பேரு?"

"சார்... அங்கன நடுவுல ஒரு அக்கா..."

"நாலு பேரும்மா." குரல் கெஞ்சுவது போலிருந்தது. "எனக்கு முன்னாடி இருந்தவுக சீசன் ஆர்டருக்காக ஒரு ஆளைச் சேர்த்து உக்கார வச்சாக. தீயில போனவளுக்கு ஆஜர் நோட்டுல பேரு இல்ல, சீட்டுல பேரு இல்ல. இல்லாத ஆளுக்கு நான் என்ன பண்ண? இப்ப வர்ற போர்மேன் எல்லாம் அஞ்சுன்னு எழுதிட்டு ஓடிர்றாக. அஞ்சுன்னு ஒரு சீட்டு வெளிய போனா, பழசைத் தோண்டுவாக. கம்பெனியை மூடிருவாக. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வேணும்.

இடது கை விரல்கள் ஒட்டிப்போன ஒருத்தி, இந்த நேரத்தில் வேறொரு கம்பெனி ரூமில் மருந்து திணித்துக்கொண்டிருக்கிறாள்.

பொன்மணி எழுதினாள். அறை எண்: 17. ஆட்கள்: 4. கையெழுத்து.

பேனாவை எடுத்ததும், நான்கு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் வெள்ளியாய் ஒரு விரல் தடம் தெரிந்தது. ஈரமாக. அவளுடைய விரல்களில் மருந்து எதுவும் இல்லை.

சீனிவாசகம் அதைப் பார்க்காதவர்போல சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

*

வீடு வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். வழியெல்லாம் மினி பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே வந்தது. கூட்டம் நெருக்கியும் ஒருவரும் அங்கே உட்காரவில்லை. ஏதோ கருகுகிறது என்று டிரைவர் இரண்டு முறை வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

அதையெல்லாம் நினைக்கக் கூடாது என்று வாசலிலேயே முடிவு செய்துகொண்டாள்.

"அம்மா! கெடைச்சிருச்சு! நாளைக்கே சேரச் சொல்லிட்டாக. நீ இனிமே மருந்து ரூமுக்குப் போக வேண்டாம்!"

அடுப்படியிலிருந்து வள்ளித்தாய் ஓடி வந்தாள். மகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, விரல்களை நெற்றியில் வைத்துச் சொடுக்கினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்ன கேட்டாக? எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். கடைசியா ஒரு ரூமைக் காட்டி, எத்தனை பேருன்னு எழுதச் சொன்னாக."

வள்ளித்தாயின் கை கன்னத்திலேயே நின்றது.

"எத்தனாம் நம்பர் ரூமு?"

"பதினேழு."

"நாலு பக்கமும் வேப்பமரமா?"

"ஆமா. உனக்கு எப்படிம்மா...?"

"எத்தனைன்னு எழுதுன?"

பொன்மணி தலையைக் குனிந்துகொண்டாள். "நாலு."

அம்மா மகளின் தோளைப் பார்த்தாள். காலையில் நூலால் தைத்த இடம். அந்தத் தையல்மேல், ஐந்து விரல்களும் பதிந்த ஒரு கைத்தடம் வெள்ளியாய் மின்னியது.

வெளியே காற்று இல்லை. ஆனாலும் வாசற்படி அருகே இருந்த மூன்றாவது டம்ளர் மெல்ல நகர்ந்து, கவிழ்ந்து, உருண்டு உள்ளே வந்தது.

கருகிய முடி நாற்றம் அறையை நிறைத்தது.

வள்ளித்தாய் மகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஒட்டிப்போன கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். வெறும் வாசலைப் பார்த்து, நெடுநாள் பழகியவளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்:

"உள்ள வா, முருகம்மா... அந்தத் தீக்கு அப்பறம், ரூமுல நாலு பேருதான்னு நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த அன்னைக்கும் நீ இப்படித்தான வந்து நின்ன?"