காற்றுக் குழாய்

காபரேட்டரிலிருந்து கழற்றிய மூன்று ரப்பர்க் குழாய்களில் ஒன்று மட்டும் கையில் இளஞ்சூடாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று ஸலாஹுதீன் நினைத்தான். ஆனால் அசர் தொழுது பொழுது சாய்ந்த பிறகு, கல்முனைக்குடியில், அவன் வீட்டுக் கொட்டிலுக்குள் வெயிலுக்கு என்ன வேலை?

எழுபத்தெட்டுச் சூறாவளியில் காணாமற்போன தம்பி மசூரின் மோட்டார் சைக்கிள் அது. நாலு மாதம் கழித்துக் கிட்டங்கி ஆற்றுச் சேற்றிலிருந்து வண்டி வந்தது, ஆள் வரவில்லை. அடக்க மையித்து இல்லாவிட்டாலும் நாளை ஜும்ஆவுக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை என்று பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். மசூரின் மனைவி றாஹிலாவோ விதவையாய் இத்தா இருக்கமாட்டேன், வண்டி ஓடினால் அவரும் வருவார் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்தப் பிள்ளையை என்ன சொல்லித் தேற்றுவது?

ஸலாஹுதீனுக்கு வேறு பயம். புயலன்று காலையில், பெற்றோல் ஒழுகுது காக்கா என்று மசூர் வந்து நின்றபோது, இவன் சரியாகக் குனிந்தும் பாராமல் கைக்கு அகப்பட்ட குழாய்க்குள் துணியைத் திணித்து, ஓடு, நாளைக்குப் பார்ப்பம் என்று அனுப்பிவிட்டான். பெற்றோல் வழியும் குழாயை அடைத்திருந்தால் பாதகமில்லை. காற்றுப் போகும் குழாயை அடைத்திருந்தால் எஞ்சின் மூச்சு முட்டிப் பாதி வழியில் நின்றிருக்கும். கிட்டங்கிப் பாலத்தில். அந்த வெள்ளத்தில்.

டாங்கிக் குழாயைப் பார்த்தான், அடைப்பில்லை. வழிவுக் குழாய், அதிலும் இல்லை. யா அல்லாஹ், மூன்றாவதைப் பார்க்கவே வேண்டாம் என்றிருந்தது. கம்பியை விட்டு இழுத்தான். அவனுடைய பழைய சாரத்தின் கட்டம் போட்ட துணி, கறுத்து ஊறி, வெளியே வந்தது. பலகையில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

வண்டி திருத்தும் தொழில் பழக்கம் விடுமா? சேறு போகட்டும் என்று அந்தக் காற்றுக் குழாயை வாயில் வைத்து ஊதினான்.

குழாய் திருப்பி ஊதியது.

ஆற்றுப்பாசி மணக்கும் ஈரக் காற்று. நின்றது. மறுபடி வந்தது. நடுவில் மெல்லிய விசில். மசூருக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு. ஒரே பாயில் படுத்து வருசக்கணக்காய்க் கேட்ட அதே இழுப்பு.

குழாய் கைதவறி மணலில் விழுந்தது. தேத்தண்ணியோடு வந்த றாஹிலா கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து அதை எடுத்தாள். இதற்கு மேல் மறைக்க அவனால் முடியவில்லை.

"றாஹிலா, காத்துக் குழாயை நான்தான் அடைச்சன். என்னாலதான் அவன் போனான்."

அது அவள் காதில் ஏறவில்லை. காதுக்குள் குழாயின் ஒரு முனை இருந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக அவள் முகம் மலர்ந்தது.

"ஓம் மச்சான், இவர்தான். மூச்செடுக்கக் கஷ்டப்படுறார்."

மணலில் குந்திக் குனிந்து அந்த முனையை வாயில் வைத்தாள்.

ஊதினாள். ஒரு மூச்சு. இன்னொன்று. தனக்கென்று எடுக்க நேரமில்லை. உதடு நீலம் பாய்ந்தது. விடு பிள்ளை, விடு. ஸலாஹுதீன் குழாயைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

மறுமுனை வெறும் மணலில் கிடந்தது. அங்கே யாருமில்லை. அந்த முனை ரப்பர் மட்டும், கண்ணுக்குத் தெரியாத பல் பதியப் பதிய, நசுங்கிக்கொண்டிருந்தது.