மேலே வராத கால்

கால் மேலே வரவில்லை.

அந்தக் காலுக்காகத்தான் படப்பிடிப்புத் தளத்தில் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். தொபுக்கடி அக்கா சோபாவின் முதுகில் ஏறி உட்கார்ந்து, தொலைபேசியில் புருஷனைத் திட்டிக்கொண்டே பின்பக்கமாகக் கவிழ வேண்டும். ஆள் மறைந்ததும் ஒரே ஒரு கால் மட்டும் சோபாவுக்கு மேலே எழும்பிக் கட்டைவிரலை ஆட்டும். ஊரையே சிரிக்க வைத்த வித்தை அது. இன்றும் கவிழ்ந்தார், மறைந்தார். கால் மட்டும் வரவில்லை.

ஒலிப்பதிவாளர் காதுக்கருவியோடு கட்டைவிரலை உயர்த்தினார். இயக்குநர், கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்போல, கண்ணை மூடித் தலையாட்டினார்.

"கட்! அடடா, காலைக் காட்டாம நிறுத்தி விளையாடுறாங்க பாரு! இதுதான்யா டைமிங்!"

"சத்தமும் அள்ளுது சார். இந்தத் தடவை நான் தனியா சேர்க்கவே வேண்டாம்" என்றார் ஒலிப்பதிவாளர்.

அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரே நேரத்தில் வெடித்தது. கைதட்டினார்கள். தட்டி முடியும்வரை எழுந்திருக்காமல் கிடப்பது அவர் வழக்கம் என்பதால் இன்னும் கொஞ்சம் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஓடிவந்தவர் ஒருவர்தான், நடைவழியில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒப்பனைக்காரம்மா. சோபாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து அலறினார்.

அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

*

பிற்பகல் மூன்றரை மணிக்கு ஆய்வாளர் வந்து இறங்கினார். இந்த வழக்கை யாரிடம் கொடுப்பது என்று மேலதிகாரி யோசிக்கவே இல்லை. "தொபுக்கடி அக்கா செத்துட்டாங்க சார், சோபாவிலேர்ந்து விழுந்து" என்று தகவல் சொன்ன ஏட்டுக்கே கடைசி வார்த்தையில் உதடு துடித்தது. நிலையத்தில் சிரிக்காத அதிகாரி ஒருவர்தான் இருந்தார். வாசல் நிலைக்கெல்லாம் குனிந்தே பழகிய உயரமான பெண்மணி. முதுகுக்குப் பின்னால் 'உம்மணாமூஞ்சி' என்று பெயர். அது அவருக்கும் தெரியும். அதற்காகவும் சிரித்ததில்லை.

தரையில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது உடல். சோபாவுக்குப் பின்னால் சிமெண்ட் தரை, அதன்மேல் மெல்லிய கம்பளம், அவ்வளவுதான்.

"இங்க மெத்தை இருக்கணும்" என்றார் ஆய்வாளர்.

"இருக்கணும்" என்றார் இயக்குநர். தளத்துக்குள்ளேயும் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் துண்டு. "மெத்தைக்காரர் போட மறந்துட்டார். வயசாயிடுச்சு, மனுஷன் என்ன பண்ணுவார்? விபத்துன்னு எழுதி அவரைக் கூட்டிட்டுப் போயிடுங்க மேடம். ஆறு மணிக்குச் சேனல்ல அஞ்சலி நிகழ்ச்சி. நான் பேசணும், குரல் கம்மிடக் கூடாது."

மெத்தைக்காரர் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் சண்டைக் காட்சிகளில் மாடியிலிருந்து குதித்தவர். இடுப்பு போனபிறகு, குதிப்பவர்களுக்கு மெத்தை போடுகிறவரானார். அக்கா விழுந்த இடத்திலெல்லாம் இவர் மெத்தை இருந்திருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் விழுவது அக்காவின் திறமை என்று பத்திரிகைகள் எழுதின. பின்னால் இவர் இருக்கிறார் என்பதுதான் அந்தத் திறமை.

"சத்தியமா போட்டேம்மா. நீல மெத்தை, இவ்ளோ தடிமன். சாப்பாட்டுக்கு முன்னாடியே போட்டு, ஏறி மிதிச்சுப் பார்த்து, மேல கம்பளம் விரிச்சேன்."

"சாப்பிட்டு வந்து பார்க்கலையா?"

"மறுபடி மிதிக்கத்தான் போனேன். 'லைட் வச்சாச்சு, என் ஃபிரேமுக்குள்ள காலை வைக்காதே'ன்னு இவர் விரட்டிட்டார்."

ஆய்வாளர் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தார்.

"மேடம், ஒரு கலைஞன் ஒரு காட்சியைச் செதுக்கும்போது..."

"சோபாக் காட்சிதானே?"

"சோபாதான்" என்றார் இயக்குநர். கழுத்துத் துண்டு கொஞ்சம் தளர்ந்தது.

ஏட்டும் காவலர்களும் சாமான் அறை, வண்டிகள், மொட்டை மாடி எல்லாம் சல்லடை போட்டுத் தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். "மெத்தைன்னு ஒண்ணு இருந்தாத்தானே கிடைக்கும்?" என்றார் இயக்குநர். தளத்தில் எல்லோருடைய கண்ணும் மூலைக்குப் போயிற்று. மெத்தைக்காரர் தன் இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டார், விலங்கு மாட்ட வசதியாக.

*

தொபுக்கடி அக்கா சினிமாவுக்கு வந்தது விழுவதற்காக அல்ல, அழுவதற்காக. முதல் படத்தில் கதாநாயகியின் தங்கை வேஷம். கதாநாயகியின் பிணத்தின்மேல் விழுந்து கதற வேண்டும். விழுந்தார், வழுக்கினார், கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். தியேட்டர் கூரை பிய்த்துக்கொண்டு போகிறமாதிரி சிரித்தது. அன்றோடு முடிந்தது அழுகை. வேலைக்காரி, மாமியார், தலைமையாசிரியை, பேய் என்று எத்தனையோ வேஷம் கட்டினார். யாராக வந்தாலும் விழுந்தாக வேண்டும். ஏணி, கிணற்று மேடை, மணமேடை எதுவும் பாக்கியில்லை. விழுவதற்குச் சினிமாவில் இளையவர்கள் வந்தபின், தொலைக்காட்சியில் வாராவாரம் விழுந்தார். விருது வாங்க மேடை ஏறியபோது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஏமாற்ற மனமில்லாமல் அங்கேயும் ஒருமுறை விழுந்தார். விருது வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதன் பக்கத்தில் வலித் தைலப் புட்டிகள், ஒரு வரிசை முழுக்க.

இதையெல்லாம் ஆய்வாளர் இன்றுதான் தெரிந்துகொண்டார். அவர் வீட்டில் தொலைக்காட்சி இல்லை.

"தொடர்ல அவங்க புருஷனா நடிக்கிறவர் எங்கே?"

"சோகச் சக்கரவர்த்தியா? ஒப்பனை அறையில இருக்கார்" என்றார் இயக்குநர். "அக்கா விழற காட்சியில அவர் இருக்க மாட்டார், ஒப்பந்தத்துலயே போட்டிருக்கு. தன் காட்சி முடிஞ்சா கேட்டுக்குப் பக்கத்துல நிக்கிற வேன்ல போய்க் கதவைச் சாத்திக்குவார். வருஷக்கணக்கா அப்படித்தான். இன்னிக்கு ஏசி ரிப்பேராம், அதனால உள்ளேயே படுத்திருந்தார்."

"சோகச் சக்கரவர்த்திங்கிற பட்டம் யார் கொடுத்தது?"

"அவரேதான்."

ஒப்பனை அறை, தளத்துச் செட் சுவருக்கு நேர் பின்னால் இருந்தது. சுவர் என்றால் வண்ணம் பூசிய பலகை. அதன் ஓரத்தில் ஆள் நுழைகிற இடுக்கு. நுழையும்போது ஏட்டு காதோரம் சொன்னார். "மந்திரி வந்தாக்கூட எழுந்திரிக்க மாட்டாராம் மேடம். பார்த்துப் பேசுங்க."

சோகச் சக்கரவர்த்தி எழுந்து நின்றார். நின்றதோடு இல்லாமல் தன் நாற்காலியையும் இழுத்துப் போட்டார். "வாங்க மேடம், இதுல உக்காருங்க."

"பரவாயில்லை, நீங்க பெரியவர்" என்று ஆய்வாளர் கட்டிலிலேயே உட்கார்ந்தார். பூப்போட்ட விரிப்பு தரைவரை தொங்கியது. கால் தரையைத் தொடவில்லை. பள்ளிக்கூட பெஞ்சுக்குப் பிறகு அவருக்கு இப்படி நேர்ந்ததில்லை. அறை முழுக்கத் தைல வாசனை.

"அவங்க விழுந்தப்போ எங்க இருந்தீங்க?"

"இங்கதான். கண்ணசந்திருந்தேன்."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேக்காம? வழக்கம்போல 'தொம்'னு விழுந்தா. தினம் கேக்குற சத்தம்தானேன்னு நான் திரும்பிப் படுத்துட்டேன். அதுதான் அவளோட கடைசிச் சத்தம்னு..." குரல் உடைந்தது. இடது கண்ணில் மட்டும் நீர் கோத்தது. இடப்பக்கம்தான் அவருக்கு எடுப்பான பக்கம்.

"உங்களுக்குள்ள சண்டை ஏதாவது?"

"எங்களுக்குள்ளயா? நான் ஜனங்களை அழ வைக்கிறவன். அவ சிரிக்க வைக்கிறவ. ரெண்டுக்கும் நடுவுல என்ன சண்டை வரும் மேடம்?"

*

ஒப்பனைக்காரம்மா நடைவழியில், மடித்த துணிகளை மறுபடி கலைத்து மடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் சிரிச்சுட்டு நின்னப்போ நீங்க மட்டும் ஏன்மா ஓடினீங்க?"

"அவங்க கண்ணால பார்த்தாங்க, சிரிப்பு வந்துது. நான் காதால கேட்டேன். கேட்டதுமே துணியைப் போட்டுட்டு ஓடினேன்."

"அக்கா கொஞ்ச நாளா எப்படி இருந்தாங்க?"

"சந்தோஷமா இருந்தாங்க. அதுதான் தாங்கல." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "இன்னிக்கோட விழறது முடிஞ்சுதுடின்னாங்க. பெரிய படம் ஒண்ணு வந்திருந்துது. பையனைப் பறிகொடுத்த அம்மா வேஷம். படம் முழுக்க ஒரு நாற்காலியில உக்காந்து அழணும். விழவே வேண்டாம். என் கண்ணாடி முன்னாடி உக்காந்து அழுது பார்ப்பாங்க. நானே அழுதுட்டேன் மேடம்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"சக்கரவர்த்தி ஒரு நாள் எட்டிப் பார்த்தார். 'நீ அழுதா ஜனங்க விழுந்து விழுந்து சிரிக்கும், உனக்கேன் இந்த ஆசை'ன்னார். அக்கா கண்ணைத் துடைச்சிட்டு, 'அந்தப் படத்துக்கு உங்களைக் கூப்பிடலைன்னு கோபமா அண்ணே?'ன்னாங்க. மனுஷனுக்கு முகம் செத்துப் போச்சு."

ஆய்வாளர் சம்பந்தமில்லாமல் கேட்டார். "அந்த அறைக் கட்டில்ல அக்கா படுப்பாங்களா?"

"அதுலயா? ஏதோ பழைய படத்துக் கட்டில், வெறும் பலகை. முதுகு போயிடும்னு அக்கா தரையிலதான் துணி விரிச்சுப் படுப்பாங்க. நான் அதுல உக்காந்துதான் காப்பி குடிப்பேன். எனக்கே கால் எட்டும்."

ஒப்பனைக்காரம்மா, ஆய்வாளரின் தோள் உயரம்கூட இல்லை.

*

ஐந்து மணி. எல்லோரையும் சோபாவைச் சுற்றி நிற்க வைத்தார் ஆய்வாளர். உடலைக் கொண்டுபோயிருந்தார்கள். சோகச் சக்கரவர்த்திக்கு மட்டும் நாற்காலி.

ஆய்வாளர் ஒலிப்பதிவாளரிடம் திரும்பினார். "நீங்க ஒண்ணு சொன்னீங்களாமே, இந்தத் தடவை சத்தத்தைத் தனியா சேர்க்க வேண்டாம்னு?"

ஒலிப்பதிவாளர் தலை குனிந்தார். "பாவி நான். மெத்தையில விழுந்தா எங்க மேடம் சத்தம் வரும்? டிவியில கேக்குற 'தொம்' நான் அப்புறம் சேர்க்கிறது. இன்னிக்கு வந்துது. கச்சிதமா இருக்கேன்னுதான் நினைச்சேனே தவிர, ஏன்னு யோசிக்கலை."

"ஆக, அக்கா எத்தனை வருஷம் விழுந்தாலும் இந்தத் தளத்துல சத்தம் கேட்டது இன்னிக்கு ஒரு நாள்தான். இந்த அம்மாவுக்கு அது தெரியும், ஓடி வந்தாங்க. ஆனா ஒருத்தர் மட்டும் 'வழக்கம்போல தொம்னு கேட்டுச்சு'ன்னார்." ஆய்வாளர் நாற்காலியின் பக்கம் பார்த்தார். "நீங்க அக்கா விழுந்து ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்லை ஐயா. வேன்ல கதவைச் சாத்திக்கிட்டீங்க. வீட்டுல, டிவியிலதான் பார்த்திருக்கீங்க. அதனாலதான் பொய்யை அங்கேர்ந்து எடுத்தீங்க."

"தூக்கக் கலக்கத்துல ஏதோ சொன்னேன். அதுக்குப் பேர் கொலையா?" என்று சிரித்தார் சோகச் சக்கரவர்த்தி. யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை.

"ஏட்டையா, கொண்டு வாங்க."

நான்கு பேர் கட்டிலைத் தூக்கிவந்து வைத்தார்கள். ஆய்வாளர் பூப்போட்ட விரிப்பை உருவினார்.

நீல மெத்தை. இத்தனை தடிமன். ஒவ்வொரு டேக் முடிந்தும் அக்கா அதில் கிடந்து ஓய்வெடுத்ததில் ஊறிய தைல வாசனை குப்பென்று எழுந்தது.

"ஊர் பூரா மெத்தையைத் தேடினாங்க. கட்டில்மேல மெத்தை இருந்தா யார் கண்ணுலதான் படும்? எல்லாரும் வெளியே சாப்பிடப் போனப்போ இடுக்கு வழியா இழுத்துட்டு வந்து, கம்பளத்தைப் பழையபடி விரிச்சிட்டீங்க. அப்புறம் அதுமேலயே படுத்துக் காவல் காத்தீங்க. மந்திரிக்கு எழுந்திரிக்காதவர் எனக்கு நாற்காலி கொடுத்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்."

மெத்தைக்காரர் மூலையிலிருந்து எழுந்து வந்தார். மெத்தையைத் தொடவில்லை. ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையசைத்ததும், ஒரு காலைத் தூக்கி மெதுவாக மிதித்துப் பார்த்தார். மெத்தை அமுங்கி எழுந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

அந்த ஒரு சொல்லில் சக்கரவர்த்தி உடைந்தார். "கால் ஒடியும்னுதான்யா நினைச்சேன்! ரெண்டு மாசம் படுத்துக் கிடப்பா, வேஷம் கை மாறும்னு. ஆளே போயிடுவான்னு நான் கண்டேனா? அழுகை என் சொத்துய்யா! இத்தனை வருஷம் இந்த ஜனங்களை அழ வச்சவன் நான். இப்ப நான் அழுதா மீம்ஸ் போடுறான். அந்த அழுகையைக் கொண்டுபோய், விழுந்து பிழைக்கிறவகிட்ட கொடுத்தா..."

இயக்குநர் அப்போதுதான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அஞ்சலி உரையில் எந்தப் பக்கத்தை மாற்றுவது என்று யோசித்தாரோ, சாப்பாட்டுக்குப் பின் தான் விரட்டிய மெத்தைக்காரரின் காலை நினைத்தாரோ, தெரியாது. அவரை ஆய்வாளர் தனியாக விசாரிக்கப்போவதாகச் சொன்னதும் உட்கார இடம் தேடினார். நாற்காலி காலியாக இல்லை.

*

வாசலில் கூட்டம் நெரிந்தது. அக்காவைப் பார்க்க வந்தவர்கள். பூவும் கையுமாக, காலை ஆட்டுகிற அக்காவின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது.

சோகச் சக்கரவர்த்தி அழுதுகொண்டே வந்தார். இம்முறை இரண்டு கண்களிலும். மூக்கு ஒழுகியது, சாயம் கரைந்து மீசை உதட்டுக்கு இறங்கியது, வாய் கோணிக்கொண்டது. எடுப்பான பக்கம் எது என்பதையே மறந்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாக அழுதார்.

"டேய், ஷூட்டிங்டா!" என்றது ஒரு குரல். "மூஞ்சியப் பாரு!" என்றது இன்னொன்று. எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அது பக்கத்தில் நின்றவனைத் தொற்றியது. கைபேசிகள் உயர்ந்தன. வாசல் முழுக்கச் சிரிப்பு பரவி, பூக்களோடு வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அதட்டட்டுமா மேடம்?" என்றார் ஏட்டு.

ஆய்வாளர் கூட்டத்தைப் பார்த்தார், வண்டியேறத் தெரியாமல் தடுமாறும் மனிதரைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றார். "சிரிச்சு முடியட்டும். அக்கா எப்பவும் அதுவரைக்கும் எழுந்திருக்காம காத்திருப்பாங்களாம்."