டிராயிங் மாஸ்டர் வரைந்த கரை

ஊருக்குத் திரும்பி ஆறு நாளாகியும் ராஜப்பனின் தலைமுடி காயவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. துவைத்துப் போட்ட சேலை, குடத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். அந்த வெயிலில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த புருஷனின் பின்னங்கழுத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக நீர் இறங்கி, முதுகுத்தண்டு வழியாக ஓடி, நாற்காலிக் காலைப் பிடித்து இறங்கி, சிமெண்டுத் தரையில் தேங்குவதைத் தீர்த்தம்மாள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து துடைத்தாள். துணி காய்ந்தால் அதில் வெள்ளையாக உப்புப் பூக்கும். எத்தனை தடவை சாம்பிராணி போட்டாலும் வீட்டுக்குள் பாசி வாடை போகவில்லை.

"தலையத் தொவட்டிக்கக் கூடாதுங்களா?"

"சரி தீர்த்தம்," என்றான். கையை மட்டும் அசைக்கவில்லை. ஆறு நாளாக எதைக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து வந்தது அந்த இரண்டு வார்த்தைதான்.

ராஜப்பன் தாலுகா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பன்னிரண்டு வருஷமாகக் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் கடல் வரைந்து காட்டியவன், கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. அறுபத்தொன்பதாம் வருஷம் முழுப்பரீட்சை லீவு விட்டதும் மனைவியையும் ஆறு வயது செல்லியையும் கூட்டிக்கொண்டு மொரப்பூரில் ரயிலேறினான். நாலு இடத்தில் வண்டி மாறித் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தார்கள்.

முதல் மூன்று நாளும் அவளுக்கு வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் மதில் மேல் மூவரும் நடந்தார்கள். பழைய கல்லறைகளில் புரியாத எழுத்துகளைச் செல்லி விரலால் தடவிப் பார்த்தாள். மீனவர் ஒருவர் அவர்களைக் கட்டுமரத்தில் ஏற்றி அலை தாண்டிக் கூட்டிப்போனார். ராஜப்பன் உட்கார்ந்த இடத்திலெல்லாம் நோட்டை விரித்து வரைந்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டம் போட்ட துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினான். "ரொம்ப உள்ள போவாதீங்க சார், அடியில இழுக்கும்," என்று அவர்கள் தங்கியிருந்த விடுதியின் காவல்காரர் சத்தம் போட்டார். வாணியாற்றில் நீச்சல் பழகினவன் சிரித்துக்கொண்டே போனான். ஒரு அலை தலைக்கு மேல் போனது. அதற்கப்புறம் தலை தெரியவில்லை.

தீர்த்தம்மாள் கத்தினாள். காவல்காரர் மீனவர்களைக் கூட்டிவர ஓடினார். அவர் திரும்பி வருவதற்கு முன், வெளிச்சம் மங்கி, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகிப்போன நேரத்தில், வடக்கே வெகு தூரத்தில் ஒருவன் தண்ணீரிலிருந்து எழுந்து கரையோரமாக நடந்து வந்தான். அதே கட்டம் போட்ட துண்டு. அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. "வூட்டுக்குப் போலாம்," என்றான். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவள் எதையும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விடியற்கால வண்டியைப் பிடித்தார்கள்.

வண்டி கரையை விட்டு விலகும்வரை செல்லி ஜன்னலில் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"யாருக்குடி கை காட்டறே?"

"அப்பாவுக்கு. தண்ணியில நின்னு கூப்புடறாரு."

எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த ராஜப்பன் இமைக்காமல் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு வந்ததும் வரைய ஆரம்பித்தான். முதல் தாளில் கோட்டை, கரை, கல்லறை எல்லாம் அச்சு அசலாக இருந்தது. ஆனால் கரையில் உட்கார்ந்து வரைந்த படமில்லை அது. கடலுக்குள்ளிருந்து கரையைப் பார்த்து வரைந்தது. மணலில் எறும்பளவில் ஒரு பொம்பளையும் ஒரு குழந்தையும் நின்றார்கள். அடுத்த தாளில் அலை பாதிப் படத்தை மறைத்தது. அதற்கடுத்ததில் தண்ணீர் மட்டும்தான். மேலே, எட்டாத உயரத்தில், கொஞ்சம் வெளிச்சம். நான்காம் நாள் கடலை விட்டுவிட்டான். அவர்களுடைய தெரு. அவர்களுடைய கொல்லை. எல்லாம் தரைக்குக் கீழேயிருந்து யாரோ அண்ணாந்து பார்த்த மாதிரி.

யாரிடம் போய்ச் சொல்வாள்? புருஷன் பிழைத்து வந்ததற்குக் கோயிலுக்கு மாவிளக்கு போட வேண்டியவள், ஈரத் தலையைப் பற்றியும் படங்களைப் பற்றியும் யாரிடம் முறையிடுவாள்?

ஏழாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு ராமக்காள் தண்ணீர் சேந்த வந்தாள். கொல்லையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏ தீர்த்தம்மா! ஊரே தண்ணிக்கு அலையுது, உங்க வூட்டுக் கெணத்துல மட்டும் பாதி ஒசரம் ஏறிக் கெடக்குதே. ஆனா வாயில வெக்க முடியலடி, அப்புடி கரிக்குது."

சேந்திய தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறுங்குடத்தோடு ராமக்காள் போனாள்.

அப்போதே தீர்த்தம்மாள் முடிவு செய்துவிட்டாள். மூன்று மணி பஸ்ஸில் செல்லியைக் கூட்டிக்கொண்டு கடத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. குழந்தையின் கவுன் இரண்டை மடித்துப் பையில் வைத்தாள். நாற்காலிப் பக்கமிருந்து பென்சில் தாளில் உரசும் சத்தம் சர்ர் சர்ர் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்கிறவரை பயமில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிகிறதே.

தபால்காரர் சென்றாயன் வாசலில் நின்று, கார்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் வேகமாகச் சைக்கிளை மிதித்துப் போனார். கார்டில் இருந்ததை அவரும் படித்திருக்க வேண்டும்.

"அம்மா அவர்களுக்கு, தரங்கம்பாடி விடுதிக் காவல்காரன் எழுதிக்கொள்வது. உங்கள் வீட்டுக்காரர் உடல் மறுநாள் காலை வடக்கே கரை ஒதுங்கியது. இடுப்பில் அதே கட்டம் போட்ட துண்டு. மீன் கடிக்காமல் முகம் நன்றாக இருந்ததால் நானே அடையாளம் சொன்னேன். ரிஜிஸ்டரில் இருந்த விலாசத்துக்கு எழுதுகிறேன். குழந்தையையும் கூட்டிக்கொண்டு யாரோடு ரயில் ஏறினீர்கள் என்று இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்."

கொடியில் அந்தத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குள் அமைதி.

பென்சில் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது?

நாற்காலியில் ஆளில்லை. அதன் மேல் ஒரு தாள். ஈரம். அவள் எடுத்துப் பார்த்தாள். தாள் முழுக்கக் கறுப்பு. நடுவில் வட்டமாக வானம். வட்டத்தின் விளிம்பில், இரட்டைச் சடையோடு எட்டிப் பார்க்கிற ஒரு சின்ன முகம்.

"செல்லி!"

ஓடினாள். கதவு நிலையில் தோள் இடித்தது. கொல்லை. வெயில். கிணறு.

கிணற்றடியில் செல்லி நின்றுகொண்டிருந்தாள். ராஜப்பன் அவள் கையைப் பிடித்திருந்தான். இருவரும் தீர்த்தம்மாளைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குழந்தையை வாரி எடுக்க இரண்டு கையையும் நீட்டினாள்.

அப்போது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து.

"அம்மா!"

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அம்மா, கயிறு போடும்மா. அப்பாவும் இங்கதாம்மா இருக்காரு."

செல்லியின் குரல். பெற்றவளுக்குத் தெரியாதா? எதிரே நிற்கிற செல்லியின் உதடு அசையவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

தீர்த்தம்மாள் அவர்களைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. ராட்டினத்திலிருந்த கயிற்றை உள்ளே விட்டாள். கயிறு இறங்கியது. தண்ணீரைத் தொட்டது. விறைத்தது. யாரோ பற்றிக்கொண்டார்கள். ஆறு வயதுக் குழந்தையின் கனம். இடுப்பில் தூக்கித் தூக்கிப் பழகிய கனம்.

"கெட்டியா புடிச்சிக்க கண்ணு! அம்மா இழுக்கறேன்!"

காலைக் கிணற்றுச் சுவரில் ஊன்றி இழுத்தாள். ஒரு முழம். இன்னொரு முழம்.

பின்னாலிருந்து இரண்டு சின்னக் கைகள் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டன. சில்லென்று இருந்தன. மெதுவாக, மிக மெதுவாக, அவளை முன்னால் தள்ளின.