குரல் கொடுத்தவள்

வசனத்துக்கு முன்னால் ஒரு மூச்சு கூடுதலாக இருந்தது.

ஒத்திகைக்காகக் கைப்பேசியில் பதிந்ததைப் போட்டுக் கேட்டபோதுதான் நடிகை அதைக் கவனித்தாள். "நீ போனப்புறம் இந்த வீட்ல கடிகாரம் மட்டும்தான்டா பேசுது." இதுதான் வசனம். ஆனால், "நீ" வருமுன் யாரோ மெல்ல மூச்சை உள்ளிழுத்தார்கள்; பேசிப் பேசியே பிழைத்தவர்கள் இழுப்பார்களே, அப்படி. மின்விசிறியாக இருக்கும் என்று அதை நிறுத்திவிட்டு மறுபடி பதிந்தாள். மூச்சு இன்னும் தெளிவாகக் கேட்டது.

அவள் மூன்றாம் மாடிக்குக் குடிவந்து ஒன்பது வருடம். அக்கம்பக்கத்தில் பேசியதைக் கூட்டினால் ஒன்பது வாக்கியம் தேறாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று மாடிப்படியில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு உண்டு. உதிரப்போவது முத்தல்ல, குட்டு. முதல் படத்திலேயே இயக்குநர், "முகம் நிலா, குரல் தகர டப்பா" என்று சொல்லி, குரல் கொடுக்க ஒரு டப்பிங்காரம்மாவைக் கூட்டிவந்துவிட்டார். நாற்பத்தொரு படம். இவள் உதட்டை அசைத்தாள். டப்பிங்காரம்மா கண்ணாடி அறைக்குள் நின்று இவளுக்காகச் சிரித்தாள், விம்மினாள், பிள்ளைகூடப் பெற்றாள். டைட்டிலில் டீ கொடுத்தவர் பெயர் வந்தது, அவள் பெயர் வரவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "படத்தில் வருவது என் சொந்தக் குரல்தான்" என்று இவள் எழுதிக் கொடுத்தாள். எழுதி!

அந்த ஒரு வரியைக் காப்பாற்றத்தான் விழாக்களுக்குப் போகவில்லை, சினேகிதி வைத்துக்கொள்ளவில்லை. கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனும் எத்தனை நாள்தான் இவள் புன்னகையோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பான்? போய்விட்டான். போன மாதம் டப்பிங்காரம்மா செத்தபோதும் இவள் போகவில்லை. துக்க வீட்டில் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் தெரிந்துவிடும்.

இப்போது ஒரு சின்ன வயது இயக்குநர், தனியாக வாழும் அம்மா வேடத்துக்கு அந்தத் தகர டப்பாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அவள் குரல் ஒருவருக்குத் தேவைப்பட்டது. நாளைக் காலை டப்பிங்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"என்னடி, வீட்ல யாரு?"

"யாரும் இல்லக்கா."

"பின்ன, நீ வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே யாரோ பேசறாங்க? டிவிய அணைச்சுத் தொலை. நாற்பத்தொரு படத்துல உன்னத் தவிர எல்லாம் இருந்துச்சு. இதுலயாவது நீ இருடி."

டிவி பழுதாகி ஒரு வருடம் ஆகிறது. போனை வைத்துவிட்டு அவள் அசையாமல் நின்றாள். குளிர்பெட்டி முனகி ஓய்ந்தது. குழாயில் தங்கிய சொட்டு விழ மனமில்லாமல் தொங்கியது. வராந்தாவில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து அவள் கதவருகே மட்டும் நிதானித்துக் கடந்தார்கள். அதற்குப் பிறகு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த அந்த அறையில், கிராம்பு வாசனை வந்தது. தொண்டைக்கு நல்லது என்று டப்பிங்காரம்மா எப்போதும் கன்னத்தில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பாள்.

மறுநாள் காலை, கண்ணாடி அறை. கதவைச் சாத்தியதும் காதில் பஞ்சு அடைத்தாற்போல் நிசப்தம். ஒலிவாங்கிக்குப் பின்னால் திரையில் அவளுடைய பெரிய முகம். ஹெட்போனை மாட்டினாள். அதன் காதுமெத்தை வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றி வைத்தது போல.

பேசினாள்.

காதில் வந்தது பட்டு. இழைந்து, குழைந்து, உதட்டோடு இம்மி பிசகாமல்.

"அம்மா, பழைய படம் மாதிரி வேணாம்மா," என்றான் இயக்குநர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து. "உங்க குரல்ல பேசுங்க."

மறுபடி பேசினாள். பட்டு. இருமினாள். இருமலும் இனிமையாக இருந்தது. தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அதிர்வே இல்லை.

"அந்தக் கரகரப்புக்காகத்தாம்மா உங்களக் கூப்பிட்டேன். அது வரலன்னா வேற யாரையாவதுதான் பேச வைக்கணும்."

இது நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இதுதாம்ப்பா என் சொந்தக் குரல்," என்றது ஹெட்போன். "எப்பவும் இதுதான்."

இயக்குநர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தான். காகிதத்தில் எதையோ அடித்தான்.

ஹெட்போனைப் பிடுங்கிக் கீழே போட்டாள். குரல் நிற்கவில்லை. அறைக்குள்ளேயே இருந்தது. இவள் கேட்கவே கேட்காத கேள்விகளை இயக்குநரிடம் கேட்டது. வீட்டில் சௌக்கியமா என்றது. சிரித்தது. அவனும் சிரித்தான்.

வாயை இறுக மூடினாள். மேலே ஒரு கை. அதன்மேல் இன்னொரு கை.

உள்ளங்கைக்கு அடியில் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சொல்லுக்குச் சொல். கச்சிதமாக.