இரண்டு இடது இறக்கைகள்

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்த குண்டூசி அப்படியே நின்றுவிட்டாள். தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டிகள்! கப்பல் பெட்டி, கார் பெட்டி, ரயில் பெட்டி. ரயில் பெட்டி என்றால் ரயிலில் இருக்கும் பெட்டி இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ரயில்.

குண்டூசி என்பது அவளுடைய செல்லப் பெயர். ஒல்லியாக இருப்பதால் வந்த பெயர் என்பாள் அம்மா. பேச்சு குத்துவதால் வந்த பெயர் என்பார் அப்பா.

"பிறந்த நாளுக்கு எது வேணும்னாலும் ஒண்ணு எடுத்துக்கோன்னு சொல்லிட்டேன். வாக்கு மாற மாட்டேன்" என்றார் அப்பா. "ஆனா கொஞ்சம் சின்னதா பார்த்து எடு."

குண்டூசி விமானங்கள் இருந்த பக்கம் போனாள். முதலில் ஒரு நீல விமானம் கண்ணில் பட்டது. உடம்பு ஒன்று, இறக்கை ஒன்று, வால் ஒன்று. செருகினால் முடிந்தது.

"இதை வீட்டுக்குப் போற வழியிலேயே செஞ்சு முடிச்சிடலாம்" என்றாள் அவள்.

"அதானே நல்லது!" என்றார் அப்பா.

"அப்புறம் நாளைக்கு என்ன பண்றது?"

குண்டூசி அடுத்த பெட்டியைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். கடைசியில் மூலையில் இருந்த ஒரு நீளமான பெட்டியை இழுத்து எடுத்தாள். மேல் படத்தில் மஞ்சள் விமானம் ஒன்று மேகத்துக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தது. பெட்டியோ காலிப் பெட்டி போல எடையே இல்லாமல் இருந்தது.

கடைக்கார அக்கா எழுந்து வந்தார். "அது ரொம்பக் கஷ்டம், கண்ணு. திறந்து காட்டறேன், பாரு."

உள்ளே விமானமே இல்லை! குச்சிகள் இருந்தன. தாள் போல மெல்லிய மரப்பலகைகள், ஊதினால் பறக்கும் மஞ்சள் காகிதம், மூக்கில் சுழலும் ஒரு விசிறி, ஒரு நீள ரப்பர், மடித்து வைத்த பெரிய வரைபடம் ஒன்று, அவ்வளவுதான்.

"இதுல விமானம் கிடையாது. விமானத்தை நீதான் செய்யணும்" என்றார் கடைக்கார அக்கா. "வாங்கிட்டுப் போன பெரியவங்களே பாதியில விட்டிருக்காங்க."

"முழுசா செஞ்சா நிஜமா பறக்குமா?"

"ஒழுங்கா செஞ்சா பறக்கும். ரப்பரை முறுக்கி விட்டா ஜம்முனு மேல போகும்."

"இதுதான் எனக்கு வேணும்" என்றாள் குண்டூசி.

அப்பா பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "சரி, நான் கூட இருக்கேன்ல? ஒரு கை பார்த்துடலாம்!" என்றார்.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டை விடப் பெரிய கண்டெய்னர்களைக் கப்பலிலிருந்து தூக்கி லாரியில் வைக்கும் கிரேனை ஓட்டுபவர் அவர். கைகள் இரண்டும் முறம் போல இருக்கும். அந்தக் கையால் விமானக் குச்சியைத் தூக்கினால், குச்சி எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டும்.

சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, ஒரு தடித்த பலகையில் வரைபடத்தை விரித்து, அதன்மேல் மெழுகுத்தாளைப் போட்டார்கள். வரைபடத்தின் மேலேயே குச்சிகளை அடுக்கி, ஊசி குத்தி அசையாமல் நிறுத்தி, பசை வைத்து ஒட்ட வேண்டும். குண்டூசி முதல் குச்சியை எடுத்தாள்.

"இரு இரு, முதல்ல எப்படின்னு நான் காட்டறேன்" என்று அப்பா அதை வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது குச்சியை எடுத்தாள்.

"இது கொஞ்சம் முக்கியமான இடம். அப்பா வைக்கிறேன்."

மூன்றாவதை அவள் எடுப்பதற்குள் அப்பாவே எடுத்துவிட்டார். "நீ இந்தப் பசை மூடியைப் பிடிச்சுக்கோ. கெட்டியா பிடிக்கணும். ரொம்பப் பொறுப்பான வேலை!"

குண்டூசி மூடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடியை எவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டிருப்பது? 'இது என் விமானம், அப்பா' என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது அப்பா பாடத் தொடங்கினார்.

வாய்க்கு வந்த வார்த்தைகளைப் போட்டு அவரே கட்டிய பாட்டு. தாளத்துக்குக் காலால் மேஜைக் காலைத் தட்டினார். நெற்றியில் பசை. காதில் மரத்தூள். நாள் முழுக்க கிரேன் உச்சியில், சின்னக் கண்ணாடி அறைக்குள், பேச ஆளில்லாமல் தனியாக உட்கார்ந்திருப்பவர் அப்பா. வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டதும் தூங்கிவிடுவார். அவர் பாடி அவள் கேட்டதே இல்லை.

நாக்கு நுனியில் இருந்த சொல்லைக் குண்டூசி விழுங்கிவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அப்பா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் பல்.

"இன்னிக்கு எனக்கு லீவுதானே? உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு, நேத்து முடிச்சதுக்கு ஜோடியா அடுத்த இறக்கையையும் நானே செஞ்சு முடிச்சுட்டேன்!"

குண்டூசிக்கு அழுகை வரும் போல இருந்தது. அதை அடக்கிக்கொண்டு மேஜையருகே போனாள். இறக்கைகள் இரண்டும் அழகாகத்தான் இருந்தன. மீனின் முள் போல வரிசையாக விலாக்குச்சிகள். ஒரு பக்கம் நுனி வளைவு. மேலே புடைப்பு, கீழே தட்டை.

அவள் ஒன்றை எடுத்து இடது பக்கம் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. மற்றதை எடுத்து வலது பக்கம் வைத்தாள். முன்பக்கம் பின்னால் போய்விட்டது. திருப்பிப் போட்டாள். இப்போது முன்பக்கம் முன்னால் வந்தது. ஆனால் புடைப்பு கீழே போய்விட்டது. இன்னொரு முறை திருப்பினாள். ஊஹூம்.

"அப்பா... ரெண்டுமே இடது இறக்கை."

"அதெப்படி?" அப்பாவும் வாங்கித் திருப்பிப் பார்த்தார். தலைகீழாகப் பார்த்தார். மேஜையைச் சுற்றி வந்து அந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தார். இறக்கை எந்தப் பக்கத்திலிருந்தும் மனம் மாறவில்லை.

சங்கதி இதுதான். வரைபடத்தில் இடது இறக்கையை மட்டும்தான் வரைந்திருந்தார்கள். அப்பா அதே படத்தின்மேல் வைத்து இன்னொன்றையும் செய்துவிட்டார்.

பக்கத்து அறையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். அம்மா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். "நல்லவேளை, நீங்க தையல் வேலைக்கு வரலை. ஊருல எல்லார் சட்டையிலயும் ரெண்டு இடது கை தொங்கியிருக்கும்!"

வழக்கமாக இதற்கு அப்பா பதிலுக்குப் பதில் கொடுப்பார். இன்றோ பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். இன்னொரு இறக்கை செய்ய மரம் மிச்சமில்லை.

"உன் பிறந்த நாள் பரிசைக் கெடுத்துட்டேன்டா" என்றார் மெல்லிய குரலில். "இனிமே இதைத் தொடவே மாட்டேன்."

நெற்றிப் பசையைக்கூடத் துடைக்காமல் அப்பா போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது மேஜை முழுக்கக் குண்டூசிக்குத்தான். அவள் ஆசைப்பட்டதும் அதைத்தானே? ஆனால் மனம் சந்தோஷப்பட மறுத்தது. அப்பா பாடாத வீடு என்னவோ போல இருந்தது.

அவள் இடுப்பில் கை வைத்து யோசித்தாள். ஒட்டியதைப் பிரிக்க முடிந்தால் அதே குச்சிகளை மறுபடி பயன்படுத்தலாம். இது வெள்ளைப் பசை. பள்ளிக்கூடத்தில் படம் ஒட்டும்போது பாவாடையில் கொட்டிக்கொள்வதும் இதே பசைதான். அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்துத்தானே எடுப்பாள்?

"அம்மா, கொஞ்சம் வெந்நீர் வேணும். கை பொறுக்கற சூடு போதும்."

"எதுக்கு?"

"இறக்கையைக் குளிப்பாட்டணும்."

"மரம் ஊறிப்போயிடாதா?"

நல்ல கேள்வி. குண்டூசி எடுத்த உடனே இறக்கையைத் தண்ணீரில் போட்டுவிடவில்லை. அப்பா தவறுதலாகச் செய்தித்தாளோடு சேர்த்து ஒட்டிவிட்ட ஒரு வீண் துண்டு கிடந்தது. முதலில் அதைப் போட்டுப் பார்த்தாள். சற்று நேரத்தில் பசை பால் போலக் கரைந்து, தாள் தனியாக வந்துவிட்டது. துண்டு ஈரமாக இருந்ததே தவிர, உடையவில்லை.

பிறகு தட்டு நிறைய வெந்நீர் ஊற்றி, இரண்டாவது இறக்கையை மெல்லப் படுக்கவைத்தாள். ஒவ்வொரு குச்சியாகக் கழன்று வந்தது. துணியில் ஒற்றி எடுத்து, வளைந்துவிடாமல் இருக்கப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தாள். அதுவரைக்கும் திறக்கப்படாத கணக்குப் புத்தகம் அன்றைக்குத்தான் முதன்முதலாக உபயோகப்பட்டது.

அடுத்தது வரைபடம். வலது இறக்கைக்குப் படம் வேண்டுமே! கண்ணாடியில் பார்த்தால் இடது வலதாகத் தெரியும். ஆனால் கண்ணாடிக்குள் குச்சி அடுக்க முடியாது. வரைபடத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்கமாகக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. உடனே ஓடிப்போய் அதைப் பின்பக்கம் தெரியும்படி சன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். வெயில் பட்டதும் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பென்சிலை எடுத்து, தெரிந்த கோடுகளின் மேலேயே வரைந்துகொண்டு வந்தாள். வலது இறக்கை தயார்!

கட்டிலில் இருந்த அப்பா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. அவள் பின்னால் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடேங்கப்பா! எனக்குத் தோணவே இல்லையே!"

"அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"இது என் விமானம். ஒட்டற வேலை எனக்கு வேணும். மூடி பிடிக்கிறது போர்."

அப்பா நெற்றியைத் தேய்த்தார். பசை விரலில் ஒட்டியது. "ஆமாம்ல? நான் உன்னைச் செய்யவே விடலை."

"ஆனா நீங்க போகக் கூடாது. எனக்கு ஒரு கிரேன் வேணும்."

"கிரேனா?"

"நான் பசை வைக்கிறப்போ குச்சியைத் தூக்கி, சரியான இடத்துல மெதுவா இறக்கணும். என் ஒரு கை பசையில இருக்கும். அதனால நான் கீழே நின்னு சைகை காட்டற ஆளு. நீங்க கிரேன்."

அப்பாவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. ஒரு சின்ன இடுக்கியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "கிரேன் தயார்! சைகை எப்படின்னு தெரியும்ல? விரலைக் கீழே காட்டினா இறக்கணும். முஷ்டியை மூடினா நிக்கணும்."

குச்சிகள் காய்ந்ததும் வேலை தொடங்கியது. குண்டூசி பசையை வைத்தாள். விரலைக் கீழே காட்டினாள். இடுக்கியில் விலாக்குச்சி ஆடாமல் அசையாமல் இறங்கியது. இன்னும் கொஞ்சம் இடது. இன்னும் ஒரு இழை. முஷ்டி! குச்சி நின்றது. கோட்டுக்கு மேல் கோடு போட்டது போல உட்கார்ந்தது.

அத்தனை பெரிய கைகள் இவ்வளவு மென்மையாக அசையும் என்று அவள் நினைத்ததே இல்லை. "அப்பா, நீங்க சூப்பர் கிரேன்!"

"சைகை சரியா இருந்தா எந்தக் கிரேனும் சூப்பர்தான்" என்றார் அப்பா. மறுபடி பாட்டுக் கிளம்பிவிட்டது.

"இந்தப் பாட்டை மட்டும் யாராவது வெந்நீர்ல ஊறவைங்களேன்" என்றாள் அம்மா பக்கத்து அறையிலிருந்து.

அந்த வாரம் முழுக்க வேலை நடந்தது. மஞ்சள் காகிதத்தைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்ட அம்மா சொல்லிக்கொடுத்தாள். ஒட்டியதென்னவோ குண்டூசிதான். வால் கொஞ்சம் கோணல். ஒரு சக்கரம் மற்றதைவிடக் குட்டை. ஆனாலும் விமானம் விமானமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் பெரிய புல்வெளிக்குப் போனார்கள். குண்டூசி விசிறியைச் சுற்றிச் சுற்றி ரப்பரை முறுக்கினாள். கையை விட்டாள்.

விமானம் விர்ரென்று நேராக மேலே ஏறி, அந்தரத்தில் ஒரு கணம் தயங்கி, வாலை முன்னே விட்டுத் தொப்பென்று புல்லில் விழுந்தது.

அப்பாவின் கை தானாக நீண்டது. பிறகு அதைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேட்டார்.

குண்டூசி விமானத்தை விரல் நுனியில் நிறுத்திப் பார்த்தாள். வால் பக்கம் சாய்ந்தது. "மூக்கு லேசா இருக்கு. அதான் மேலேயே பார்க்குது." தேவைப்படும் என்று கொண்டுவந்திருந்த களிமண்ணை அம்மாவின் பையிலிருந்து எடுத்து, பட்டாணி அளவு உருட்டி மூக்கில் ஒட்டினாள். மறுபடி முறுக்கினாள். மறுபடி விட்டாள்.

இந்த முறை விமானம் ஏறியது. ஏறிக்கொண்டே போய், காற்றில் சாய்ந்து, மஞ்சள் இறக்கையில் வெயில் ஊடுருவ ஒரு பெரிய வட்டம் போட்டது. உள்ளே இருந்த விலாக்குச்சிகள் ஒவ்வொன்றும் கீழேயிருந்தே தெரிந்தன. குண்டூசி கத்திக்கொண்டே ஓடினாள். அப்பா அதைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டு ஓடினார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். புல்லில் உட்கார்ந்திருந்த அம்மா கை தட்டியதில் மடியில் இருந்த பை உருண்டு போனது.

விமானம் பூ போலப் புல்லில் இறங்கியது. குண்டூசி மூச்சு வாங்க அதைத் தூக்கிக்கொண்டு வந்து, அப்பாவின் முன்னால் நீட்டினாள்.

"இப்ப நீங்க விடுங்க."

"நானா? ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"ஆச்சுன்னா சரிபண்ணிக்கலாம். இந்தாங்க."

அப்பா விமானத்தை இரண்டு விரலால் வாங்கினார். குண்டூசி பத்தடி தள்ளி நின்று கையை உயர்த்திச் சைகை காட்டினாள். அப்பா கையை விட்டார்.

அது மரங்களுக்கு மேலே போனது. முன்னதைவிட உயரம், முன்னதைவிடப் பெரிய வட்டம். இருவரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள்.

"அடுத்தது என் முறை!" என்றாள் குண்டூசி.

"அதெப்படி? நான் ஒரே ஒரு தடவைதான் விட்டிருக்கேன்!" என்றார் அப்பா.

"நானும் நல்லா விட்டது ஒரு தடவைதான்! தொப்புனு விழுந்ததெல்லாம் கணக்குல வராது!"

"வரும்!"

"வராது!"

சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. விமானம் இன்னும் கீழே இறங்கவே இல்லை.