மூன்று தட்டுக்கு நடுவே

பழைய கப்பலின் அடித்தொட்டியில் துரு தட்ட, காலையில் நானும் என் தங்கை புருஷனும் இறங்கினோம். மேலே ஒரு ஆள் நுழையும் ஓட்டை, அதிலிருந்து ஒரு இரும்பு ஏணி. மற்றபடி நாலு பக்கமும் இருட்டு. அழுகின கடல்தண்ணி வாடை.

இரும்புக்குள் வயர்லெஸ் எடுக்காது. கத்தினால் மேலே ஓடும் ஜெனரேட்டர் விழுங்கிவிடும். இரும்பில் தட்டுவது மட்டும்தான் மேலே நிற்கும் மேஸ்திரிக்கு எட்டும்; சுத்தியல்தான் எங்களுக்கு வாய். விடாமல் தட்டினால் வேலை நடக்கிறது. மூன்று தட்டி, நிறுத்தி, மறுபடி மூன்று தட்டினால் ஆபத்து, ஓடி வா. அந்த நிறுத்தம்தான் எங்கள் கூப்பாடு.

“தொட்டியும் உங்க மூஞ்சி மாதிரியே சிடுசிடுன்னு இருக்கு மச்சான்” என்று சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை தண்ணி எடுக்க ஏணியில் ஏறினான்.

ஏணி பெயர்ந்து அவனோடு விழுந்தது. உடைந்த கம்பி தொடையில் ஏறிவிட்டது. துண்டால் இறுக்கிக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை.

சுத்தியலை எடுத்தேன். டங். டங். டங். நிறுத்தினேன்.

டங். டங். டங்.

நான் தட்டவில்லை.

“மேல கேட்டுடுச்சு மாப்ள. பதில் குடுக்குறாங்க.”

அவன் என் கையைப் பிடித்தான். “மேலேருந்து வரல மச்சான். அந்த மூலையிலேருந்து வருது.”

டார்ச்சைத் திருப்பினேன். வெறும் துரு.

மறுபடி தட்டினேன். நான் நிறுத்திய இடமெல்லாம் அது நிரப்பியது. வெளியே கேட்பவனுக்கு மும்முரமாக வேலை நடப்பதுபோலத்தான் இருக்கும்.

சத்தமே இல்லாவிட்டால் எட்டிப் பார்ப்பார்கள் என்று சுத்தியலைக் கீழே வைத்தேன்.

அது நிறுத்தவில்லை. என் கை தட்டுகிற மாதிரியே தட்டியது. இரண்டு பலமாக, ஒன்று லேசாக.

ஓட்டையோரம் மேஸ்திரியின் முதுகு தெரிந்தது. தொண்டை கிழியக் கத்தினேன். டார்ச்சை ஆட்டினேன். சுத்தியல் சத்தத்துக்குத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

“மச்சான், குளிருது.”

அதற்கப்புறம் அவன் பேசவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குத்தான் கயிறு இறங்கியது. மாப்பிள்ளையை வெயிலில் கிடத்தினோம். ஜெனரேட்டரை நிறுத்தினார்கள்.

மேஸ்திரி ஓட்டைக்குள் குனிந்தார். “டேய், உள்ள இன்னும் ரெண்டு பேரு இருக்கானுங்களா?”

நானும் காது கொடுத்தேன். ஒரு சுத்தியல் மூன்று தட்டி நிறுத்தியது.

நிறுத்திய இடத்தை இன்னொன்று நிரப்பியது.